ஊழ்வாயனுக்கு ஒரு முடிவு

பதினொரு முறை கொன்றுவிட்டோம்.
முதல்முறை வாளால். தலை உருண்டு
திரையின் கீழ்விளிம்பில் முட்டி நின்றது.
விளையாடிப் பார்க்க வந்த கல்லூரிப் பையன்
கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை.
இரண்டாம் முறை வெளிச்சத்தால்.
மூன்றாவது, அவன் தாயின் பெயரை உரக்கச் சொல்லி.
அவனுக்குத் தாயே கிடையாது என்று
நான்தான் முன்பு எழுதியிருந்தேன், பக்கம் நாற்பதில்.
துளசிராம் கண்டுபிடித்துவிட்டார்.

வடபழஞ்சி. மூன்றாம் மாடி.
உலகத்தின் முழுமுதல் தீமைக்குச்
சம்பளம் வாங்கிக்கொண்டு பல் கட்டுகிறோம்.
சிக்கந்தர் பதினான்கு வரிசை வைத்திருக்கிறான்,
ஒவ்வொன்றுக்கும் தனி நிழல்.
"கண் மட்டும் வேண்டாம்" என்றேன்.
"கண் இருந்தால் எதையாவது பார்ப்பான்.
பார்த்தால் பிடித்துப்போகும்.
பிடித்துப்போனால் கெட்டது கதை."

அவன் குணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்:
ஒரு தீக்குச்சிகூடச் செய்யத் தெரியாது.
சிரிக்கிறான், எதற்கென்று நினைவில்லை.
எல்லோரையும் மண்டியிட வைத்துவிட்டதால்
உட்கார்ந்து பேச ஆள் இல்லை.
உலகத்தை விழுங்கவேண்டும் என்கிறான்;
விழுங்கியபின் எங்கே நின்று ஏப்பம் விடுவது,
அதை யோசிக்கவில்லை.
அரைப் பக்கத்தில் தீர்ந்துபோனான்.
என் சின்ன அத்தைக்கே ஆறு பக்கம் வேண்டும்.

சன்னலுக்கு வெளியே நாகமலை.
எங்கள் ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல.
வேள்விப் புகையில் பிறந்து
மதுரையை விழுங்க வாய் பிளந்து வந்த பாம்பு;
அம்பு பட்டு, நஞ்சைக் கக்கி,
படுத்தது படுத்ததுதான்.
வடகிழக்கே ஓர் யானையும் அப்படித்தான் வந்தது,
அப்படியே உட்கார்ந்திருக்கிறது.
கதை அம்போடு முடிந்துவிடுகிறது.
அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் சாயங்காலம்!
தேனி பஸ் அதன் ஓரமாகவே போகிறது.
விலா எலும்புகளின் இடுக்கில் மழைத்தண்ணீர்.
கழுத்து என்று சொல்லப்படும் இடத்தில்
பையன்கள் பட்டம் விடுகிறார்கள்.
ஊரை அழிக்க வந்தது
ஊருக்கு விலாசமாகிவிட்டது,
கடிதம் போட்டால் அதன் பெயரில் வந்து சேரும்.

ஒருநாள் வெயில் சாயும் நேரம்
அந்த முதுகெலும்பின் மேல்
வெள்ளாடு ஒன்று நின்று
எதையோ மென்றுகொண்டிருந்தது,
நஞ்சு இறங்கிய மண்ணில் முளைத்ததை.

அன்றிரவே பன்னிரண்டாம் முடிவை எழுதினேன்.
யாரும் வாள் எடுக்கவில்லை.
ஊழ்வாயன் ஜெயிக்கிறான்.
கடல், கோட்டை, குதிரைப்படை, நிலா,
கடைசியில் தன்னைப் புகழ்ந்த அடியாட்களையும்
விழுங்கித் தீர்க்கிறான்.
இனி மெல்ல ஒன்றுமில்லை.
பதினான்கு வரிசையும் ஒன்றையொன்று தொட
முதல்முறையாக வாயை மூடுகிறான்.
படுக்கிறான்.
எங்கிருந்தோ மழை
(எங்கிருந்து என்று கேட்கவேண்டாம், அடிக்குறிப்பு).
பாசி.
ஆட்டக்காரர் கையில் ஒரு கோல்,
மேலே ஓட்டிப்போக ஓர் ஆடு.

துளசிராம் படித்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நல்லாத்தான் இருக்கு. ஜெர்மனிக்காரன் ஒத்துக்கணுமே."
மறுநாள் மெயில்:
வெடி எங்கே?
தவிர, அடியோடு முடித்துவிடாதீர்கள்,
இரண்டாம் பாகம் இருக்கிறது.

சாகவும் விடமாட்டார்கள்,
கல்லாகவும் விடமாட்டார்கள்.
முதன்முதலாக அவனுக்காகப் பரிதாபப்பட்டேன்.

வெடி வைத்தோம். பெரிய வெடி.
சாம்பலுக்குள் ஒரு சிவப்பு நகம் அசைய
திரை இருண்டது. எல்லோருக்கும் திருப்தி.
கம்பெனி செலவில் கறிதோசை.

சிக்கந்தர் யாரிடமும் சொல்லவில்லை.
இருள்வதற்கு முன், வலது மூலையில்,
மூன்று வினாடி,
சாம்பல்மேட்டில் ஓர் ஆடு தலை குனிகிறது.

போன வாரம் முகம் தெரியாத ஒருவர்
பிழை என்று புகார் அனுப்பியிருக்கிறார்:
எல்லாம் எரிந்துவிட்டதே,
அந்த ஆடு எதை மேய்கிறது?

துளசிராம் அதை என் பெயருக்கு மாற்றியிருக்கிறார்.
நான் இன்னும் மூடவில்லை.