ஞானத்தந்தை

சியாத்துராவில் யாரும் நேராக நடப்பதில்லை, லமாரா.
மேலே போகிறோம், இல்லை கீழே வருகிறோம்.
நடுவில் ஒரு கம்பி.
அந்தக் கம்பியில்தான் எனக்குப் பதினேழு வயது ஆனது.

எழுபத்திரண்டு, பிப்ரவரி.
இரும்புப் பெட்டிக்குள் நாம் இருவர்,
உன் வீட்டு மண்ணெண்ணெய்க் குவளை,
என் பையில் தாளில் மடித்த சூரியகாந்தி விதை.
மின்சாரம் போயிற்று.
கொடியில் போட்டு மறந்த இரண்டு சட்டைகள்போல்
ஆற்றுக்கு மேலே தொங்கினோம்.

மாங்கனீசு கழுவிய நீரோடு
க்விரிலா கறுப்பாய் ஓடியது.
"விழுந்தால் மசியில்தான் விழுவோம்" என்றாய்.
"யாராவது நம்மைத் தொட்டு எழுதட்டும்."

நான் சிரிக்கவில்லை. பயம்.
உன் கையுறை ஒன்றைக் கழற்றித் தந்தாய்,
இடது கைக்கு.
வலது கைக்கு என்ன வழியென்று
நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அதுவே கண்டுகொண்டது.

ஒன்றே முக்கால் மணி நேரம்.
பெட்டி குலுங்கி நகர்ந்தபோது
ஊரே கைதட்டியது.
நான் மட்டும் மின்சாரத்தைத் திட்டினேன்.

பிறகு பட்டாளம். வடக்கே, கடலும் உறையும் இடம்.
ஏழு கடிதம் எழுதினேன்.
பனி. பனி. கொஞ்சம் வெயில். மறுபடி பனி.
எட்டாவதில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
வானிலை அறிக்கைக்காக
எந்தப் பெண் காத்திருப்பாள்?

தெங்கிஸ் நல்லவன்.
இதைச் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆயிற்று,
ஆனாலும் நல்லவன்.
உன் கல்யாண மேசையின் கோடியில் உட்கார்ந்து
கொம்புக் கிண்ணத்தை மூன்று தரம் காலி செய்தேன்.
எழுந்து வாழ்த்துரை வேறு சொன்னேனாம்.
நல்ல வேளை, நினைவில்லை.

எழுபத்தொன்பதில் ஓர் இரவு
கதவைத் தட்டினாய், இடுப்பில் மாக்வலா.
கட்சிக்காரர் கண்ணில் படாமல்
பக்கத்து ஊர்ப் பாதிரியாரின் சமையலறையில் ஞானஸ்நானம்.
"நீதான் ஏந்தவேண்டும்" என்றாய்.

உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்:
பிள்ளையை நீரிலிருந்து ஏந்தியவன்
அந்த வீட்டுக்கு ரத்த உறவு.
பெற்றவள் அவனுக்கு இனி உடன்பிறந்தவள்,
அவள் தனித்துப்போனாலும்,
மலையே பெயர்ந்து விழுந்தாலும்.

வாளியில் தண்ணீர் வெதுவெதுப்பாய் இருந்தது.
ஏந்தினேன்.
உன் மகள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்தாள்,
விடவே இல்லை.

தெங்கிஸ் சுரங்கத்திலிருந்து திரும்பாத வருடம்
உன் கூரையை அடைத்தேன்.
விளக்கில்லாத தொண்ணூறுகளில் விறகு பிளந்தேன்.
மாக்வலாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், தப்பாக.
ஊர் ஒரு வார்த்தை பேசவில்லை.
ஞானத்தந்தையைப் பற்றி என்ன பேச?

என் சிசினோ ஒருமுறை கேட்டாள்,
"இந்த ஒற்றைக் கையுறை யாருடையது?"
"ஜோடி இல்லாதது" என்றேன்.
அவள் அதைத் துவைத்து, காயவைத்து,
எடுத்த டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.
அவளைப் புதைத்த அன்று
என்னைவிட அதிகம் அழுதவள் நீ.

போன ஞாயிறு புதுப் பெட்டியில் ஏறினோம்.
கண்ணாடிச் சுவர், துருவின் வாசனை இல்லை,
என் முழங்காலுக்கு மட்டும் பழைய சத்தம்.
நீ ஆற்றைப் பார்த்தபடி சொன்னாய்:
"அன்றைக்கு உன்னை ஏன் கேட்டேன் தெரியுமா, ஓத்தியா?
காதலித்தவன் ஒருநாள் போய்விடுவான்.
கட்டியவனும் போகலாம்.
ஞானத்தந்தை எங்கே போவான்?"

நாற்பது வருடக் கணக்கு அது.
நான் தப்பாகவே போட்டு வைத்திருந்தேன்.
வாய் திறப்பதற்குள் உச்சி வந்துவிட்டது.
நான்கே நிமிடம்; இந்தப் பெட்டி எங்கும் நிற்பதில்லை.
கதவு தானாகத் திறந்தது.

"இறங்காதே" என்றாய்,
விதைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.