கள ஆய்வு

ஒட்டனூர்த் துறையில் ஒன்பது பரிசல்கள்
தார் வாசனையோடு கவிழ்ந்து கிடந்தன.
நாகமரை வரைக்கும் எல்லோரும் சேர்ந்து
துடுப்புப் போடுவதாக ஏற்பாடு.
பால் சொசைட்டிக்காரர்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்,
ஏரியூர் மருந்துக்கடை ரஹமத்துல்லா, அவர் மனைவி,
நூறுநாள் வேலைப் பெண்கள் ஒரு பத்துப் பேர்,
அப்புறம், வராவிட்டால் நன்றாயிருக்காதே என்று
கிராம நிர்வாக அலுவலராகிய நான்.

மிதவைச் சட்டையில் யாருடையதோ பழைய வேர்வை.
நீச்சல் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.
சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு விழுந்தது மாதப்பன் பரிசல்.

வேறு எதுவானாலும் பரவாயில்லை.
பதினோரு தடவை மனுவோடு வந்தவர்.
பதினோரு தடவையும்
'கள ஆய்வு நிலுவை' என்று எழுதியவள் நான்.

"நடுவுல வேணாம் மேடம், ஓரமா உக்காருங்க."
அவ்வளவுதான் பேசினார்.

பரிசலுக்கு முகமும் இல்லை முதுகும் இல்லை.
துடுப்பு என் முறைக்கு வந்தது.
போட்டேன், சுற்றியது.
மறுபக்கம் போட்டேன், மறுபக்கமாய்ச் சுற்றியது.
கரை, மலை, ரஹமத்துல்லா,
கரை, மலை, ரஹமத்துல்லா.
பிள்ளைகள் எண்ணினார்கள்: ஏழு, எட்டு, ஒம்பது...
"நாளைக்கு வான்னு சொல்லிப் பாருங்க மேடம்,
ஆறு கேக்குதான்னு பாக்கலாம்."
சிரிப்பு பரிசலுக்குப் பரிசல் தாவிப் போனது.
கடைசியாகத்தான் என்னிடம் வந்தது.

"பக்கத்துல போடாதீங்க, முன்னாடி போட்டு
உங்க பக்கமா இழுங்க" என்று கத்தினாள் ஜெயக்கொடி,
தன் பரிசலும் சுற்றிக்கொண்டிருக்க.

நடு அணையில் மாதப்பன் துடுப்பைத் தூக்கினார்.
"இங்கதான்."
"என்ன?"
"ஒண்ணேகால் ஏக்கரா. கம்பு."

தண்ணீர் இறங்கினால் அவருக்குக் கொல்லை,
ஏறினால் அரசாங்கத்துக்கு அணை.
பால் பிடித்த கதிர், நாலே நாளில் முழுகியது.
என் பதிவேட்டில் அந்த இடம் நீர்ப்பிடிப்பு.
தண்ணீருக்கு ஏது நட்ட ஈடு?

கயிற்றில் கல் கட்டி இறக்கினார்.
போனது, போனது, நின்றது.
நுனியை என்னிடம் கொடுத்தார்.
இழுத்துப் பார்த்தேன்,
அடியில் ஏதோ மெத்தென்று விட்டுக்கொடுத்தது.

"கம்பு இன்னும் கீழ இருக்குமாண்ணா?" ஒரு பையன்.
"மீனு தின்னிருக்கும்."
"அப்ப போன வாரம் நான் தின்ன கெளுத்தி..."
என்று இழுத்தார் ரஹமத்துல்லா.
அவர் மனைவி தொடையில் கிள்ளினாள்.

"கள ஆய்வு ஆயிடுச்சுங்களா மேடம்?"
இதற்கு யாரும் சிரிக்கவில்லை.
ஒன்பது பரிசலும்
ஒரு கொல்லைக்கு மேலே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன.

நாகமரையில் எலுமிச்சை சாதம், வறுத்த மீன்.
நான் மீனைத் தொடவில்லை.

திங்கட்கிழமை. உள்ளங்கையில் கொப்புளம்,
பேனா பிடித்தால் எரிகிறது.
ஆய்வு செய்த நாள்: ஞாயிறு, எழுதிவிட்டேன்.
நான்கெல்லை: வடக்கே தண்ணீர், தெற்கே தண்ணீர்,
கிழக்கே ரஹமத்துல்லா என்று எழுத வந்தது, அடித்தேன்.
மண்: கல்லில் ஒட்டி வந்த வண்டல்.
பயிருக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
கம்பு என்று,
பென்சிலால்.