சுழிக்குச் சுழி

காதணி விழா பேனரில் தாய்மாமன் என்பது
தாய்மான் என்று விழுந்துவிட்டது. என் கைதான்.
எட்டுக்கு ஆறு. காசு வராத பேனர்.
அதன் முதுகில்தான் நீலமேகம் அண்ணன்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.
குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு,
முப்பத்தாறு கட்டம், கட்டம் ஐம்பது ரூபாய்.
பாதி ஆட்டத்தில் அறுநூறு, முடிவில் ஆயிரத்து இருநூறு.

பெயரைத்தான் முதலில் எழுதவேண்டும்.
எண் பிறகு, டீ கிளாஸில் சீட்டுக் குலுக்கி.
மேலே நீலச்சட்டை அடிக்கிற கோல்,
பக்கத்தில் வெள்ளைச்சட்டை.
எந்த நாடு என்று தனபாக்கியம் அக்கா கேட்கவில்லை.
வளையம் அடிக்கிற சுத்தியலை மடியில் வைத்தபடி
"ரெண்டுக்கு ஒண்ணு, நல்ல கட்டமாடா?" என்றாள்.
அதற்குத்தான் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.
ஒச்சப்பனுக்கு ஐந்துக்கு ஐந்து.
கட்டத்தைப் பார்த்தான், ஐம்பது ரூபாயைப் பார்த்தான்,
வெளியே போய் பீடி பற்றவைத்தான்.

எனக்குச் சுழிக்குச் சுழி.
"ரெண்டு முட்டை, ஆம்லெட் போட்டுக்க"
என்றான் சிக்கந்தர்.

பன்னிரண்டரைக்கு சிம்மக்கல் அடங்கியிருந்தது.
ஷட்டர் பாதி இறக்கம்.
லூர்து கொண்டுவந்த ப்ரொஜெக்டருக்குத் திரை இல்லை.
கடையில் மிச்சமிருந்த ஒரே வெள்ளை ரோலைத்
தொங்கவிட்டோம்.
மூலையில் ஒரு சுருக்கம்,
கார்னர் அடிக்கிறவன் காலை ஒவ்வொரு முறையும் ஒடித்தது.

முப்பது பேர் கோல் கேட்டார்கள்.
நான் ஒருத்தன் ஒன்றும் கேட்கவில்லை,
அந்த ஒன்றுமில்லாததை அவ்வளவு உருக்கமாகக் கேட்டேன்.
பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது
அத்தனை ஐயோவுக்கும் நடுவே
ஒரு அப்பாடா
கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.
பாதி ஆட்டத்தில் அறுநூறு வாங்கினேன்.
நானூறு புரோட்டாவாகப் போயிற்று,
யாரும் இப்போது முட்டை என்று சொல்லவில்லை.

யோசித்தால் சிரிப்பு வருகிறது.
எதாவது நடந்தால்தான் எனக்குச் சோறு.
பிள்ளைக்குக் காது குத்தினால் எட்டுக்கு ஆறு,
பெண் பெரியவளானால் பத்துக்கு எட்டு,
வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள் என்றால் நாற்பதடி.
போன ஆடியில் ஊரே சும்மா இருந்தது,
வாடகைக்கு அண்ணன் மோதிரம் போனது.
அப்படிப்பட்ட நான்
இரண்டு கம்பங்களையும் மாறிமாறிக் கும்பிடுகிறேன்,
நடக்காதே, நடக்காதே என்று.

எண்பத்தோராம் நிமிடம் போன்.
செல்லூரிலிருந்து.
"அப்பா போயிட்டாரு தம்பி. ஆறுக்கு நாலு, ரெண்டு.
விடியுறதுக்குள்ள வேணும்."
படம் வந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது,
தோளில் இன்னொருத்தர் கை.
உள்ளறையில் உட்கார்ந்து அந்தக் கையை
விரல் விரலாக அழித்தேன்.
தோற்றம், மறைவு.
இரண்டு எண், பக்கத்தில் பக்கத்தில்.
முதல் எண்ணை அடித்து முடித்தபோது
சுவருக்கு அந்தப்பக்கம் கடை வெடித்தது.
யார் அடித்தது என்று எழுந்து பார்த்திருக்கலாம்.
மறைவை அடித்தேன்.

ஒன்றுக்குச் சுழி. லூர்துவின் கட்டம்.
அவன் ஐம்பது ரூபாய் இன்னும் கொடுக்கவே இல்லை.
"வாடகையில கழிச்சுக்க" என்கிறான்,
"சும்மா கொண்டாந்தேன்னு சொன்னவன் யாரு"
என்கிறார் அண்ணன்,
ஒச்சப்பன் சம்பந்தமே இல்லாமல் சட்டையைப் பிடிக்கிறான்.

ரோல் வேணும் என்றேன்.
யாருக்கும் கேட்கவில்லை.
தனபாக்கியம் அக்காதான் ஸ்டூலில் ஏறி அவிழ்த்தாள்.
கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்த நீலச்சட்டைக்காரர்கள்
சுண்ணாம்புச் சுவருக்கு இடம் மாறினார்கள்,
ஆணி, காலண்டர் எல்லாவற்றின் மேலும்.

மெஷின் நெற்றியிலிருந்து இறக்க ஆரம்பித்தது.
பந்து ஓடிய அதே வெள்ளையில்
புருவம், மூக்கு, வெற்றிலைக் கறை.
பெயர் வருவதற்குள்
திரையில் இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்:
சோ, ணை, மு, த், து.