ஒன்றாம் எண் கூண்டு

முதுநகர் துறைமுகத்தில்
ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
ஐஸ் கம்பெனி மாடியறையில்
மூன்று கருவிகளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்
நானும் ஃபிலோமினும்.
கீழே கம்ப்ரசர் உறுமல், அம்மோனியா நெடி.

மூன்றும் இலவசம்.
மூன்றின் நிரலும் திறந்தே கிடந்தது,
ஏலம் முடிந்த கூடம் மாதிரி.

முதலாவதற்கு முகராசி.
இருபது வினாடிக்கு ஒருதரம்
இருக்கிறாயா என்று கதவைத் தட்டும்.
இரண்டாவது எதையும் தட்டாது.
நாமே போய் எழுத வேண்டும்:
இன்ன நேரம், இன்ன கோளாறு, இன்னார் பார்க்கிறார்.
மூன்றாவது எல்லாம் செய்யுமாம்.
நிறுவவே அரை நாள்.
அதற்கொரு தரவுத்தளம்,
தரவுத்தளத்துக்கு ஒரு காவல்.
கடைசியாக அதில் யாரோ கைவைத்து
இரண்டு ஆடி போய்விட்டது.

கண்காணிக்க வேண்டியதோ
ஒரே ஒரு முன்பதிவுப் பக்கம்.
நூற்றுப்பத்து விசைப்படகு,
ஆளுக்கு எத்தனை பார் ஐஸ் என்ற கணக்கு.

முதலாவதையே வெச்சுக்கலாம், அழகா இருக்கு என்றேன்.
எங்கே வைப்பே?
இதே சர்வர்லதான். இடம் இருக்கே.

ஃபிலோமின் பேசவில்லை.
எழுந்துபோய்
சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

என் திரையில் பச்சை அப்படியே நின்றது.
தொண்ணூற்றொன்பது புள்ளி தொண்ணூற்றெட்டு.
கடைசி மூச்சின்போது எடுத்த படம்.

ஒரு நிமிடம்.
இரண்டு. நாலு.
அலற வேண்டியது எதுவும் அலறவில்லை.
ஆறாவதில் என் போன்.
சோனங்குப்பம் அஞ்சலாட்சி:

'ஏம்மா, உங்க ஐஸ் படுத்துக்கிச்சா?
கூண்டு ஏத்திட்டான்னு எல்லா போட்டும் கரைக்கு வருது,
நாப்பது பார் போடணும்.
செத்துச்சுன்னா செத்துச்சுன்னு
ஒரு வரி போட்டாத்தான் என்ன?'

அவளைவிட வேகமாகத் தட்டுகிற கருவி
மூன்றில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம்
முதலாவதைத் தூக்கிப்போய்
முத்தியால்பேட்டையில், ஃபிலோமின் வீட்டு ஃபிரிட்ஜ் மேல்,
அவள் தம்பியின் உடைந்த லேப்டாப்பில் வைத்தோம்.
இருபத்திரண்டு கிலோமீட்டர்,
வேறு டிரான்ஸ்ஃபார்மர், வேறு மழை.
இரண்டாவதை எழுதுவதற்கு வைத்துக்கொண்டோம்,
அதற்கும் தனி இடம்.
மூன்றாவதை அழித்தேன்.
அழிக்கவும் நேரம் எடுத்தது.

எழுதுகிற பக்கத்தில்
முதல் வரி என்னுடையது:
'காலை 11.40. நின்றது.
பிளக்கை நாங்களே பிடுங்கினோம்.'

சுட்டியை அஞ்சலாட்சிக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி.
அப்புறம் பதில்:
'சரி. சொருகியாச்சா?'