முக்கால் பணம்

ஆயிரத்து நூற்றைம்பது பவுண்டுக்கு ஒரு ஜாகுவார்.
சின்ன ஜாகுவார்தான், அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.
பானெட் நுனியில் பாய்கிற உலோகப் பூனையை
முந்தின சொந்தக்காரர் காலத்திலேயே
யாரோ திருகிக்கொண்டு போய்விட்டார்கள்.
இரண்டு துளைகள் மட்டும் மிச்சம்,
பாம்பு தீண்டிய தடம் போல.

"உள்ளே வெறும் ஃபோர்டு" என்றார் எதிர்வீட்டு நெவில்
வேலிமேல் மோவாயை ஊன்றிக்கொண்டு.
தெரியும்.
மீன் தொழிற்சாலையில் பதினேழு வருடம்.
ரொட்டித்தூளுக்குள்ளே என்ன மீன் என்று
எனக்கா தெரியாது?
ஆனாலும் மேல்பூச்சு மேல்பூச்சுதான், நெவில்.
டேஷ்போர்டின் மரப்பலகையில் காலை வெயில் விழும்போது,
கிரிம்ஸ்பியில் அது அடிக்கடி விழுவதில்லை,
நைட் ஷிஃப்ட் முடிந்து வாடை போகாத கைகளை
ஸ்டியரிங்கில் வைக்கக் கூச்சமாயிருக்கும்.
ஒரு பொருளின் முன்னால் கூச்சப்பட்டு
எத்தனை காலமாயிற்று!

கதவறையில் ஒரு நோட்டு இருந்தது.
ஊற்றிய ஒவ்வொரு லிட்டர் ஆயிலும், தேதியும், மைலும்
நீல மையில், எறும்பு வரிசையாய்.
2015 அக்டோபரோடு நின்றுபோயிருந்தது.
யாரோ செத்திருப்பார்கள் என்று நினைத்து
விற்ற பெண்மணியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.
"இல்லையே, அப்போதுதான் நாய் வாங்கினோம்."
அந்த நாயின் முடி இன்னும் வருகிறது
பின்சீட் பெல்ட்டின் வாயிலிருந்து,
இஞ்சி நிறத்தில், ஒன்றொன்றாய்.

பூட்டில், ஸ்டெப்னிக்கு அடியில், தண்ணீர் தேங்கும்.
எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியவில்லை.
ஞாயிறுதோறும் தயிர்க் கோப்பையால் இறைக்கிறேன்.
கரையிலேயே நிற்கிற படகு.

மே மாதம் வருடாந்திரச் சோதனை.
கின்டாரஸ் காரை மேலே தூக்கினான்.
அதன் வயிற்றை அன்றுதான் முதலில் பார்த்தேன்.
கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்பில்
ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினான்,
கேக்கில் போவதுபோல் போயிற்று.
துரு செதில் செதிலாக
அவன் மூக்குக்கண்ணாடியில் உதிர்ந்தது.
லிதுவேனிய மொழியில் என்னவோ சொன்னான்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இரண்டு பக்கமும் வெல்டிங், எழுநூற்று எண்பது.
பின்னால் ஒரு ஸ்பிரிங், இரண்டு புஷ்.
சுண்டைக்காய் கால் பணம்.
மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

"பழைய இரும்புக்காரன் வருவான், இருநூறு கொடுப்பான்.
நல்ல விலை."

பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.
வழியில் கணக்கை மூன்று முறை போட்டேன்.
மூன்று முறையும் 'விற்றுவிடு' என்றே வந்தது.
நாலாவது முறை விடை வருவதற்குள்
என் நிறுத்தம் வந்துவிட்டது.

காலையில் போன் செய்து, "ஒட்டிவிடு" என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
அவன் கொட்டகைக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திய சாப் ஒன்று நிற்கிறது.
அதைப் பற்றி நானும் கேட்டதில்லை.

சான்றிதழோடு ஒரு தாள் கொடுத்தார்கள்:
இடது முன் டயர் தேய்ந்துவருகிறது.
பிரேக் குழாயில் மேலோட்டமான துரு.
கவனித்து வரவும்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த கடிதங்களில்
இவ்வளவு பண்பாக எழுதியது எதுவுமில்லை.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்,
கரன்ட் பில்லுக்கு மேலே.

இரவு நோட்டைத் திறந்தேன்.
2015 அக்டோபருக்குக் கீழே, ஒரு வரிகூட விடாமல்,
பெட்டிகளில் எடை குறிக்கிற தடித்த கறுப்புப் பேனாவால்
தேதி, மைல், 'வெல்டிங், இருபுறமும்' என்று எழுதினேன்.
எறும்புகளுக்குப் பின்னால் வண்டு ஒன்று
வரிசையில் நின்றதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதற்கடுத்த வரி:
தண்ணீர், நாலரைக் கோப்பை.
எங்கிருந்து என்று இன்னும் தெரியவில்லை.