குறிப்பு என்ற கட்டம்

தென்பெரம்பூர் மதகில் எனக்கு இரவு வேலை.
இரண்டு மணிக்கொரு தரம்
அளவுப் பலகையில் மட்டம் பார்த்து
கொட்டும் தண்ணீரைப் போனில் பிடித்து
செக்‌ஷன் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.
பிளாஷ் இல்லாமல் எடுத்தால் ஒரே கறுப்பு.
பிளாஷ் போட்டால் அவை வந்துவிடுகின்றன.

முதலில் கண்டது ஆடி எட்டு,
நாலாம் ஷட்டருக்கு மேலே.
ஊறப்போட்ட ஜவ்வரிசி போல ஒன்று,
நடுவில் வெளுப்பு, ஓரத்தில் மெல்லிய நரம்பு.
மறுநாள் பதினொன்று.
வெண்ணாற்றுப் பக்கம் அதிகம்,
வெட்டாற்றுப் பக்கம் குறைவு,
ஏனென்று தெரியவில்லை.
பதிவேட்டில் அடியும் கன அடியும் எழுதிவிட்டு
குறிப்பு என்று சும்மா கிடந்த கட்டத்தில்
எழுதத் தொடங்கினேன்:
உருண்டை 11. பெரியது 2. நீலம் கலந்தது 1.

ஆய்வுக்கு வந்த உதவிப் பொறியாளர் சிபி
பக்கத்தைப் புரட்டிச் சிரித்தார்.
சாரல்தான்யா. லென்ஸுக்கு முன்னால ஒரு துளி,
வெளிச்சம் பட்டு ஊதித் தெரியுது.
கர்ச்சீப்பால் என் போனைத் துடைத்தும் கொடுத்தார்.
அன்று இரவு நாற்பத்து மூன்று.

நான் அவரை மறுக்கவில்லை.
துளிதான்.
ஆனால் எந்தத் துளி?
மேட்டூரில் புறப்பட்டுக் கல்லணையில் பிரிந்து
வயலுக்குப் போக வேண்டியதில்
ஒன்று மட்டும் எகிறி
என் முகத்துக்கு நேரே வந்து நின்றதே,
அது திரும்ப ஆற்றில் விழுந்ததா,
என் சட்டையில் காய்ந்ததா?
கணக்கில் வராத தண்ணீர்.
கணக்குதான் என் வேலை.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம்
அய்யம்பேட்டையிலிருந்து ஜுனைதா வந்தார்.
மதகுக்காரர் வட்டங்களைச் சேர்க்கிறார் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
அவர் போனில் ஒரு படம்:
கொட்டும் தண்ணீருக்கு முன் நாலு பையன்கள்,
தோளில் கை,
இருட்டத் தொடங்கிய நேரம்.
மூன்று பேர் சிரிக்கிறார்கள்.
நாலாவது கழுத்துக்கு மேல்
தட்டு வைத்து மறைத்தாற்போல் ஒரு வட்டம்.
நான் இங்கே வருவதற்கு முந்தின வருஷம்.
அதற்குப் பிறகு அவனைப் படம் எடுத்தது
போலீஸ் மட்டும்.

ரூஹா, மலக்கா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.
இதை மட்டும் எடுத்துட முடியுமா தம்பி?

விரலால் பெரிதாக்கினேன்.
வளையத்துக்குள் வளையம்.
இடது காது மடல் கொஞ்சம்,
சீவாத முடி கொஞ்சம்.
துளிக்குப் பின்னால் முகம் இல்லை,
துளிதான் இருக்கிறது.
முடியாது என்று சொல்ல
ஒரு ஷட்டர் ஏற்றும் நேரம் பிடித்தது.

வாங்கிவந்த டீயில் பாதியைக் குடித்துவிட்டு
எத்தனை சேர்த்திருக்கீங்க என்றார்.
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
இதையும் எழுதிக்குங்க.

நேரம் கேட்டேன். ஆறு ஐம்பது.
ஷட்டர் எண்ணை அவரே காட்டினார்.
பேனா ஓடவில்லை, உதறினேன்.
உருண்டை 1.

ஆற்றில் இறங்காதே என்று
பையன்களிடம் எப்போதும் கத்துவதுதான்.
இப்போது கூடவே
பிளாஷை அணைடா என்றும் கத்துகிறேன்.
இரண்டுக்கும் ஒரே சிரிப்பு.