மூன்றில் ஒரு நொடி

பய்சாந்து. ஆற்றையொட்டிய மைதானம்.
மேய வந்த குதிரையை விரட்டிவிட்டுத்தான்
இங்கே ஆட்டம் தொடங்கும்.

என் கழுத்தில் தொங்குவது
பதினெட்டு வருஷத்துக் கேமரா.
மருந்துக்கடைச் சம்பளத்தில்
பத்துத் தவணை கட்டி வாங்கியது.
பிடியின் ரப்பரை நானே பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்,
வெயில் நாளில் கையோடு வந்துவிடும்.

'இன்னுமா இது?' என்கிறான் நஹுவேல், தங்கை மகன்.
அவன் ஃபோனில் இதைவிடப் பத்து மடங்கு புள்ளிகள்.
இருக்கட்டும்.
குறைகளை நானே சொல்லிவிடுகிறேன்.
பொழுது சாய்ந்தால் படமெல்லாம் மணல் கொட்டும்.
எட்டுப் படம் சேர்ந்தாற்போல் எடுத்தால்
இதற்கு மூச்சு வாங்கும்;
சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி
மெமரி கார்டில் எழுதி முடிக்கும்வரை
உலகம் காத்திருக்க வேண்டும்.
உலகம் காத்திருப்பதில்லை.

ஆனால் பேட்டரி செத்த பிறகும்
இதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கலாம்.
லென்ஸில் நுழைந்த வெளிச்சம்
கண்ணாடியில் பட்டு மடங்கி
என்னிடம் வருகிறது, அவ்வளவுதான்.
நடுவில் யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

பொத்தானை அழுத்தினால் மட்டும்
அந்தக் கண்ணாடி எழும்பிவிடும்.
எனக்கு இருட்டு.
நான் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட
எடுத்த கணத்தில் நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு மழை.
சுண்ணாம்புக் கோடு பாதி ஆட்டத்திலேயே கரைந்துவிட்டது.
யமிலா உதைத்த பந்து
மேல்கட்டையில் மோதிச் செங்குத்தாய் விழ,
ஃபியோரெல்லா சேற்றோடு அள்ளி அணைத்துக்கொண்டாள்.
கோல் என்றது ஒரு பக்கம்.
இல்லை என்றது மறு பக்கம்.
நடுவர் தெச்சேரா விசிலை வாயில் வைத்தபடி
ஊதாமல் நின்றார்.

'நெலிதா, கம்பத்துக்குப் பின்னால் நீதானே இருந்தாய்,
பார்த்தாயா?'
'எடுத்தேன்,' என்றேன். 'பார்க்கவில்லை.'

சிவப்பு விளக்கு மினுக்கியது.
இருபத்திரண்டு பெண்கள், ஒரு நடுவர்,
வாயில் எண்ணெய்ப் பணியாரத்தோடு ஒரு கூட்டம்.
பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக
உலகம் காத்திருந்தது.

நான்காவது படத்தில் பந்து காற்றில்,
கட்டைக்குக் கீழே, மழைத்துளிகளோடு.
ஐந்தாவதில் ஃபியோரெல்லாவின் நெஞ்சில்.
நடுவே மூன்றில் ஒரு நொடி.
விழுந்ததும் தொட்டதும் தாண்டியதும் தாண்டாததும்
எல்லாம் அதற்குள்ளே.

'புதுசு என்றால் நொடிக்கு இருபது எடுக்கும்,
தெரிந்திருக்கும்,' என்றான் நஹுவேல்.
உண்மைதான். பதில் இல்லை என்னிடம்.
தெச்சேரா கட்டைவிரலால் திரையைத் துடைத்தார்,
சேறு இன்னும் பரவியது.
திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: கோல் இல்லை.

செவ்வாய்க்கிழமை யமிலா கடைக்கு வந்தாள்,
கணுக்காலுக்குக் கட்டுத்துணி வாங்க.
ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள்.
ஓரத்தில் அவள்தான்,
இரண்டு கையும் ஏற்கெனவே வானத்தில்.
'பார், உள்ளே போய்விட்டது,' என்றாள்,
தன் முகத்தையே சுட்டிக்காட்டி.

மறுநாள் ஃபியோரெல்லா.
அவளும் அதே படம்தான் கேட்டாள்.
பந்தை இறுக்கிய தன் விரல்களைத் தொட்டு,
'இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?'

இரண்டு பிரதி போட்டேன்.
ஒருத்தி கேட்டதை மற்றவளிடம் சொல்லவில்லை.
வந்த காசில் ஒரு பேட்டரிக்குச் சொல்லியிருக்கிறேன்;
மோந்தெவிதேயோவிலிருந்து
வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்.